வீட்டு எண் பெட்டி

அவரை ஒட்டடை என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னால் ஒட்டடை சார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்குப் பொருத்தமாகச் சதை வைக்கக் கடவுள் மறந்துவிட்டார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய தொழில். வெப்சைட் எழுதுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் புதிதாக எழுதத்தான் ஆசை. பல வருடத்துக்கு முன்னால் ஒருவர் எழுதி, இன்னொருவர் ஒட்டுப்போட்டு, மூன்றாமவர் பயந்துபோய்த் தொடாமலே விட்டுவிட்டுப் போன பழைய நிரலுக்குள் இறங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சுத்தம் செய்து புதுப்பிக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நம் ஒட்டடையார் இருபத்திரண்டு வருடமாக அதை மட்டுமே செய்கிறவர். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

ஆரம்பத்தில் அவரும் புதுசுதான் எழுதினார். முதல் கம்பெனியில் மூன்று வெப்சைட். அவரையும் அவர் மனைவியையும் தவிர வேறு யாரும் அந்த மூன்றையும் திறந்து பார்த்ததாகத் தகவல் இல்லை. நான்காவதாக ஒரு நூலகத்தின் பழைய வெப்சைட்டைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் ஒரே கோப்பில் ஒன்பதாயிரம் வரி. நடுநடுவே "இதைத் தொடாதே", "நானும் சொல்கிறேன், தொடாதே", "தொட்டுத் தொலைத்தேன், மன்னிக்கவும்" என்று மூன்று பேர் மூன்று காலத்தில் எழுதி வைத்த எச்சரிக்கைகள். வேறு யாராவது என்றால் வயிற்றுவலி என்று லீவு போட்டிருப்பார்கள். இவர் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் தனக்கு என்ன வேலை என்று மனிதருக்குத் தெரிந்தது.

இந்தத் தொழிலில் அவருக்கு இரண்டு கொள்கைகள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான்: மாற்று, ஓட்டிப் பார், ஓடினால் வீட்டுக்குப் போ. இது முதலாவது. ஆட்களைக் கேட்காதே, நிரலைக் கேள்; ஆட்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், நிரல் ஒன்றைத்தான் சொல்லும். இது இரண்டாவது. அதற்காகவே காலையில் வந்ததும் காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார், கழற்றுவது மதியச் சாப்பாட்டுக்குத்தான். முதல் கொள்கை சொக்கத் தங்கம். இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கதை.

வீட்டிலும் அவர் இப்படித்தான். பழைய பாட்டில், கைப்பிடி போன கப், ஒற்றைக் காலுறை எதைக் கண்டாலும் அவருக்குக் கை துருதுருக்கும். அவர் மனைவி ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்த கை. "என் செருப்ப வாசல்ல விடவே பயமா இருக்கு. பழசா இருக்கேன்னு என்னையும் ஒருநாள் தூக்கி வெளிய வைக்கப் போறீங்க" என்பார். ஒட்டடையார் சிரிப்பார். மனைவியின் மேல் அவருக்கு அத்தனை பிரியம். ஆனால் அந்தச் செருப்பின் மேல் ஒரு கண் இருந்தது என்பதும் உண்மை.

அவரிடம் ஒரு சொந்த ஆயுதம் இருந்தது. நாற்பது வரிகளில் அவரே எழுதிய ஒரு சின்ன நிரல். பெயர் துடைப்பம். எந்தப் பழைய டேட்டாவை அதற்குள் விட்டாலும் தேவையில்லாத இடைவெளி, இரட்டைக் கமா, எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து என்று அத்தனை அழுக்கையும் பெருக்கி, எண்ணை எண்ணாக, தேதியைத் தேதியாகத் திருப்பித் தரும். சமையல்காரர் தன் கத்தியை இடத்துக்கு இடம் தூக்கிக்கொண்டு போவதுபோல வேலைக்கு வேலை அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வேன் சேவைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு மாடி, அதில் ஆபீஸ். எட்டு வேன்கள். தானாக வெளியே போக முடியாதவர்களை வீட்டிலிருந்து ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் உடற்பயிற்சி நிலையத்துக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் ஒரு பழைய வெப்சைட்டை நம்பி ஓடியது. போனில் வருகிற வேண்டுகோளை அதில் பதிவு செய்தால், காலையில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பயணத் தாள் அச்சாகி வரும். வெப்சைட் அப்போதைக்கப்போது மயங்கி விழ ஆரம்பித்திருந்தது.

மேலாளர் எதையும் சுருக்கமாகக் கேட்கிற மனிதர். "சுருக்கமா சொல்லுங்க, முடியுமா?"

"முடியும்."

"ஒரே ஒரு நிபந்தனை. ஆயிரத்து நானூறு பேர் நம்மள நம்பி வீட்ல உட்கார்ந்திருக்காங்க. மாத்துறேன்னு சொல்லி அதுல ஒருத்தர விட்டுடக் கூடாது."

"ஒருத்தர்கூட விடுபட மாட்டாங்க" என்றார் ஒட்டடையார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அந்த விஷயத்தில் அவர் கெட்டி.

அந்த மாடியில் அவருக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் போன் அக்கா. பதின்மூன்று வருடமாக அங்கே போன் எடுப்பவர். மேலாளர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு ஒரு கையால் டைப் அடித்து, மறுகையால் டிரைவருக்குச் சாவியை எறிகிற சாமர்த்தியம் அவருக்கு மட்டுமே உண்டு. மகளின் பிரசவத்துக்காக ஆறு வாரம் லீவில் போவதற்கு முதல் நாள் அவர் ஒட்டடையாரின் மேஜைக்கு வந்து நின்று, "சார், புதுசுல வீட்டு எண் பெட்டிய மட்டும் கொஞ்சம் பெரிசா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒட்டடையார் பலமாகத் தலையாட்டினார். காதில் ஹெட்ஃபோன், சொன்னதில் பாதிதான் உள்ளே போயிற்று. வீட்டு எண்ணுக்கு எதற்குப் பெரிய பெட்டி? நான்கு இலக்கம் போதும் என்று இருந்ததையும் சின்னதாக்கினார்.

அந்த ஆறு வாரத்தில்தான் பரீட்சை நடந்தது. பழைய வெப்சைட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். ஒரே பதிவு இரண்டுக்கும் போகும். இரண்டும் பயணத் தாள் போடும், டிரைவர் கைக்குப் போவது பழையது. மூன்றாவதாக ஒரு சின்ன நிரல் இரண்டு தாளையும் ஒப்பிட்டு, எங்கே வித்தியாசம் என்று சொல்லும். முதல் நாள் முன்னூற்றுப் பன்னிரண்டு வித்தியாசம். பார்த்தால் முக்கால்வாசி வெறும் இடைவெளியும் கமாவும்தான். அந்தக் குப்பைக்குள் உண்மையான தவறு ஒளிந்துகொள்ளும் என்பதால், இரண்டு தாளையும் துடைப்பத்தால் ஒரு பெருக்குப் பெருக்கிவிட்டு அப்புறம் ஒப்பிடச் சொன்னார். நல்ல யோசனைதான், நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்போம். மறுநாள் நாற்பது. அதற்கடுத்த வாரம் ஆறு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்த்தார். கடைசியில் ஏழு நாள் தொடர்ந்து பூஜ்யம்.

ஒரு திங்கட்கிழமை பழையதை நிறுத்திப் புதியதைத் திறந்தார்கள். டிரைவர்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து பெரிசா பளிச்சுன்னு இருக்கு சார்" என்றார்கள். ஒட்டடையாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையோடு, பழைய வெப்சைட் ஓடிய சர்வரின் வாடகை முடிந்தது. மேலாளர், "இன்னும் ஒரு மாசம் வச்சிருக்கலாமா?" என்று கேட்டார். "எதுக்கு சார்?" என்றார் இவர், செருப்பைப் பார்க்கிற அதே பார்வையோடு. சர்வரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

அந்த வாரம் ஒரே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. டிரைவர் போய் நின்று கதவு திறக்காவிட்டால் "யாரும் இல்லை" என்று குறிப்பார். முன்பு அது நாளொன்றுக்கு இரண்டு. இப்போது ஏழு. 'முன்பு சரியாகக் குறித்திருக்க மாட்டார்கள், இப்போதுதான் ஒழுங்காகப் பதிவாகிறது' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழுக்கி விழும்போது சொல்லிக்கொள்கிற வாக்கியம் அதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை போன் அக்கா வந்தார். பேத்தியின் படத்தை எல்லோருக்கும் காட்டி, டீ குடித்து, நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, புது வெப்சைட்டைத் திறந்தார். ஒரு பெயரைத் தட்டினார். இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் எழுந்து வந்து, ஒட்டடையாரின் காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தன் கையாலேயே கழற்றினார்.

"சார், நான் எழுதினதெல்லாம் எங்க?"

"எது அக்கா?"

"வீட்டு எண்ல. வீட்டு எண் பெட்டிலதானே எழுதுவேன்."

பழைய வெப்சைட்டில் குறிப்பு எழுத இடமே கிடையாது. அக்கா மூன்று தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் "அடுத்த முறை மாத்தும்போது பாக்கலாம்" என்று பதில். பதிவுப் பக்கத்துப் பெட்டிகளில், எதை எழுதினாலும் தவறு என்று தள்ளாமல் சும்மா இருந்தது வீட்டு எண் பெட்டி மட்டும்தான். ஆகவே அவர் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். 'கீழ் மணியை அடி, மேல் மணி ரிப்பேர்.' 'இடது கண் தெரியாது, வலப்பக்கம் நின்று பேசு.' 'மகன் பேரைச் சொல்லாதே, அழுவார்.' டிரைவரின் தாளில் அது அப்படியே அச்சாகும். பதின்மூன்று வருடம்.

ஒட்டடையார் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். எண் பெட்டியில் எழுத்து என்றால் அழுக்கு. அழுக்கென்றால் துடைப்பம் தின்றுவிடும். புது வெப்சைட்டுக்குப் போன டேட்டாவைத் துடைப்பம் பெருக்கியது. ஒப்பிடுவதற்கு முன் பழைய தாளையும் அதே துடைப்பம் பெருக்கியது. பிறகு எங்கே வித்தியாசம் தெரியும்? பாதுகாப்புக்கென்று எடுத்து வைத்த பிரதி இருக்கிறதே என்று பாய்ந்து போய்த் திறந்தார். அதையும் அவர் துடைப்பத்துக்குள் விட்டுத்தான் எடுத்து வைத்திருந்தார். குளித்துத் தலைவாரிப் பவுடர் போட்ட பிரதி. அதில் வெறும் 14, 27, 103.

மேலாளரின் அறைக்குப் போனார்.

"சுருக்கமா சொல்லுங்க."

"நான் தப்பு பண்ணிட்டேன் சார்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "இவ்வளவு சுருக்கமா வேண்டாம். உட்கார்ந்து சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னார். சர்வரைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படுத்தியது தான்தான் என்பதையும் விடாமல் சொன்னார். மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது. "அப்ப போன வாரம் 'யாரும் இல்லை'ன்னு வந்தவங்கல்லாம் வீட்லதான் இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒட்டடையாருக்கு அப்போதுதான் அந்த ஏழின் அர்த்தம் முழுசாக உறைத்தது.

திரும்பி வந்தபோது போன் அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தார். "உட்காருங்க சார். போன வாரம் விட்டுப்போனது முப்பத்துமூணு பேர். உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. போன் போடுங்க."

"நானா? நான் என்னக்கா பேசுறது?"

"வாயில என்ன வருதோ அதை."

இருபத்திரண்டு வருடத்தில் தன் நிரலை நம்பிக் காத்திருக்கிற ஒரு மனிதரோடு அவர் பேசியதில்லை. முதல் போனில், "வணக்கம், உங்கள் பதிவு எண் இரண்டாயிரத்து நாற்பத்தாறு தொடர்பாக..." என்று ஆரம்பித்தார். எதிர்முனை, "கடனெல்லாம் வேண்டாம்பா, வை" என்று வைத்துவிட்டது. போன் அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவது போனில், "வேன் ஆபீஸ்லேர்ந்து பேசுறேங்க, போன வாரம் உங்கள விட்டுட்டுப் போயிட்டோம், தப்பு எங்களோடது" என்றார். பத்து நிமிடம் திட்டு வாங்கினார். திட்டின் நடுவில் அந்த வீட்டுக்குக் கீழ் மணி, மேல் மணி இரண்டும் உண்டு என்ற விவரமும் கிடைத்தது.

போகப்போகச் சூடு பிடித்துவிட்டது. ஒரு அம்மா, "எங்க வீட்டுக்கு வர்ற டிரைவர் ஏன் எப்பவும் கேட்டுக்கு வெளியவே நின்னு கத்துறார்?" என்று கேட்டார். போன் அக்காவுக்கு அந்தக் குறிப்பு நினைவிருந்தது: நாய் இருக்கு, உள்ளே போகாதே. "நாய் செத்து நாலு வருஷம் ஆச்சேம்மா" என்றார் அந்த அம்மா. போன் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒட்டடையாருக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. இல்லாத நாய்க்குப் பயந்து வெளியே நிற்கிற வரிகளை அவர் எத்தனை நிரலில் பார்த்திருக்கிறார்!

இன்னொருவர் குரலிலேயே முறைப்பு. "என் பேருக்கு நேரா என்ன எழுதி வச்சிருந்தீங்க? சண்டைக்காரன்னுதானே?"

போன் அக்கா ரிசீவரை வாங்கினார். "இல்ல சார். 'ரெண்டு மாடி இறங்கணும், மூச்சு வாங்கும், அவசரப்படுத்தாதே'ன்னு எழுதியிருந்தேன்."

"அப்படியா எழுதியிருந்தே?" என்றது அந்தக் குரல், இறங்கிப்போய். ஒட்டடையார் தன் பங்குப் பட்டியலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

மதியம் வேன்கள் சாப்பாட்டுக்கு வந்து நின்றபோது இன்னொரு யோசனை தோன்றியது. பழைய பயணத் தாள்களை டிரைவர்கள் என்ன செய்தார்கள்? எட்டு வேனிலும் ஏறி ஒட்டடையார் குப்பை பொறுக்கினார். சீட்டுக்கு அடியில், கதவுப் பைக்குள், ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகி வைத்த மடிப்பில் என்று கசங்கிய தாள்கள் பதினொன்று கிடைத்தன. ஒன்றொன்றையும் தொடையில் வைத்துத் தடவித் தடவி நேராக்கினார். ஒரு வேன் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தது; ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சுத்தத்தைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அந்த வேனை வருடக்கணக்கில் ஓட்டிய டிரைவர் போன மாதம்தான் வேறு ஊரில் லாரி ஓட்டப் போய்விட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை.

சாப்பிடாமல் உட்கார்ந்து புது வெப்சைட்டில் 'குறிப்பு' என்று ஒரு பெரிய பெட்டி வைத்தார். ஐம்பது நிமிட வேலை. பதின்மூன்று வருடமாக அந்த ஐம்பது நிமிடத்தை யாரும் ஒதுக்கவில்லை என்பதை நினைக்க அவருக்குத் தன் தொழிலின் மேலேயே கோபம் வந்தது.

இரண்டரை மணிக்கு முப்பத்திரண்டு பேரோடு பேசி முடித்திருந்தார்கள். ஒரே ஒருவர் பாக்கி. ஒரு அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து தேறி வருகிறவர். தனியாக இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு உடற்பயிற்சி. போன வாரம் இரண்டு தடவையும் 'யாரும் இல்லை'. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. உடற்பயிற்சி நிலையத்தைக் கேட்டால், "வரவே இல்லையே, நாங்களும் போன் பண்ணிப் பாத்தோம்" என்றார்கள்.

"பேரப் பாத்தா ஏதோ நீளமா எழுதின ஞாபகம் இருக்கு சார்" என்றார் போன் அக்கா. நெற்றியில் தட்டிக்கொண்டார். "அது பளபள வண்டிக்காரர் ரூட். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என்னன்னு வரமாட்டேங்குது." காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்போதுதான் மாறியது. "விழுந்து கிழுந்து கிடக்குறாங்களோ என்னமோ."

இன்றைக்கும் செவ்வாய்தானே, வேன் போயிருக்குமே என்று ஒட்டடையார் தாளைப் பார்த்தார். அந்தப் பெயரே இல்லை. தொடர்ந்து இரண்டு முறை 'யாரும் இல்லை' என்றால் மூன்றாவது பயணத்தை வெப்சைட் தானாகவே ரத்து செய்துவிடும். பழைய விதி. ஒரு எழுத்துப் பிசகாமல் அவரே புதியதிலும் எழுதி வைத்திருந்தார். ஒருத்தர்கூட விடுபட மாட்டாங்க என்று வாக்குக் கொடுத்ததும் அவரேதான்.

எட்டு வேனும் வெளியே. மனைவிக்குப் போன் போட்டார். பத்தாவது நிமிடம் டயர் கடை வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது, தலையில் பழகுநர் பலகையோடு.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றார் மனைவி, கியரைப் போட்டுக்கொண்டே. நடந்ததை எல்லாம் அவர் போனிலேயே கேட்டு வாங்கியிருந்தார். "ஒப்பிடுறதுக்கும் அதே துடைப்பம், காப்பாத்தி வைக்கிறதுக்கும் அதே துடைப்பமா? ஒரே கண்ணாடிய மூணு தடவ பாத்துட்டு, மூணு கண்ணாடியும் பாத்தாச்சுன்னு வண்டிய திருப்பினா, என் ஸ்கூல்ல ஃபெயில் போட்டுடுவேன்."

"போடு" என்றார் ஒட்டடையார். "இப்ப கொஞ்சம் வேகமா போ."

"பழகுநர் வண்டிங்க இது. நாப்பதுக்கு மேல போகக் கூடாது." சொல்லிக்கொண்டே அறுபதில் போனார்.

இருபத்தேழாம் எண் வீடு. நான்கு படி, மேலே இரும்புக் கதவு, பூட்டு. மணியை அழுத்தினார், உள்ளே அது அலறுவது தெருவரை கேட்டது. ஆள் வரவில்லை. கதவைத் தட்டினார். மனைவி காரிலிருந்து ஹாரன் அடித்துப் பார்த்தார். எதிர்வீட்டுப் பூனை மட்டும் எழுந்து போயிற்று.

படி இறங்கி நின்று அந்த நான்கு படிகளையும் பார்த்தார். இடுப்பு முறிந்த அம்மா. இதில் எப்படி இறங்குவார்? இறங்கவே மாட்டார். அப்படியென்றால் அவர் வெளியே வருகிற வழி வேறு எங்கோ இருக்கிறது. மதிலை ஒட்டி நடந்தார். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஒரு சந்து. நீர்க்குழாய்கள் முழங்கையில் இடித்தன. கொஞ்சம் சதை வைத்திருந்தாலும் நடுவழியில் மாட்டிக்கொண்டிருப்பார்.

சந்து ஒரு பின்தெருவில் போய்த் திறந்தது. அங்கே பச்சை அடித்த ஒரு சின்ன கேட், அதற்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். தேய்த்த சேலை, மடியில் கைப்பை, முழங்காலில் சாய்த்து வைத்த கைத்தடி. தெருவின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் வழக்கமாக அங்கிருந்துதான் வந்து திரும்பும்போல.

"அம்மா" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். காது மடல்கூட அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. போனும் மணியும் ஹாரனும் யாருக்காக அத்தனை நேரம் அலறின என்பதும் விளங்கியது. சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய வேன் ஆபீஸ் அட்டையைக் காட்டினார்.

அந்த அம்மா அட்டையைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"மணி மூணு இருபது! போன செவ்வாக்கிழமை ரெண்டரைலேர்ந்து அஞ்சு வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். உங்க வண்டில பெட்ரோல் தீந்துபோச்சா, இல்ல நான்தான் தீந்துபோயிட்டேன்னு நினைச்சீங்களா?"

ஒட்டடையாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே நேரத்தில், அவர் இப்படி முழு உயிரோடு உட்கார்ந்து திட்டுவதைக் கேட்க அத்தனை சந்தோஷமாகவும் இருந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. செல்போனை எடுத்து, பெரிய எழுத்தில், 'தப்பு என்னுடையது. உங்களைப் பற்றி எழுதியிருந்த குறிப்பை நான்தான் அழித்துவிட்டேன்' என்று டைப் அடித்துக் காட்டினார்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். "அழிச்சா என்ன, திரும்ப எழுது" என்றார். "நான் சொல்றேன்."

ஒட்டடையார் புது வெப்சைட்டைத் திறந்து, அவர் பெயரைத் தேடி, காலியாக இருந்த குறிப்புப் பெட்டியில் விரலை வைத்தார்.

"பின்தெரு. பச்சை கேட்டு. எழுதிக்கிட்டியா? முன்வாசல்ல படி, என்னால இறங்க முடியாது. போன் பண்ணாதே, மணி அடிக்காதே, எனக்குக் கேக்காது. என்னப்பா, எழுத்தெழுத்தா தேடுற? நீ என்ன வேலை பாக்குற?"

'கம்ப்யூட்டர் வேலை' என்று டைப் அடித்துக் காட்டினார்.

"அப்படியா" என்றார் அந்த அம்மா. நம்பினதாகத் தெரியவில்லை. "சரி, எழுது. வண்டி லேட்டா வந்தாலும் பரவாயில்ல. ஆனா வராம இருக்காதே. நான் உள்ள போகாம இங்கதான் ரெடியா உட்கார்ந்திருப்பேன். அதையும் போடு. ரெடியா இருப்பேன்."

கேட்டது கேட்டபடி, ஒரு சொல்லையும் குறைக்காமல், மூச்சு விட்ட இடத்தில் இடைவெளிகூட விட்டு அவர் எழுதினார். சேமித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா முதல் வரியிலிருந்து கடைசி வரை உதடு அசையப் படித்து முடித்தார். அதற்குப் பிறகுதான், தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.